ஓரம் விட்டுக் கட்டிய நகரம்

ஏழடுக்கு நகரம் என்ற எங்கள் கணினி விளையாட்டின் முதல் ஆட்டத்தைப் புதிதாகச் செய்யப்போவதாகச் சென்னையிலிருந்து சில இளைஞர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். பழைய கோப்புகளை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சந்தேகம். முதல் இரண்டு ஆட்டங்களில் படத் துண்டுகளை அடுக்கிவைத்த ஷீட்டுகள் எல்லாவற்றிலும் நான்கு ஓரமும் வெறுமையாக இருக்கின்றன. மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் விளிம்பு வரை படம் நிறைந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கணினிகளில் அப்படியொரு கட்டுப்பாடு இருந்ததா, இருந்தால் எந்த ஆண்டில் அது நீங்கியது என்று கேட்டிருந்தார்கள்.

கட்டுப்பாடு எதுவும் கிடையாது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் ஆண்டு கேட்கிறவர்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது. இணையத்தில் இந்த நகரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் ஆட்டம் 1998 என்கிறார்கள். அது குறுந்தகடு கடைக்கு வந்த ஆண்டு. நகரம் வரைந்து முடிந்தது 1997 மழைக்காலத்தில். மூன்று ஆட்டங்களிலும் இந்த நகரத்தை வரைந்தவர்களில் நான் ஒருத்தி என்பதால், நடந்தவற்றை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பள்ளிகொண்டா. 1986 முதல் 1995 வரை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் அறையில் வேலை பார்த்தேன். லாஸ்ட் என்று ஒன்று இருக்கும்; கால் வடிவத்தில் செய்த அச்சு. அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, எங்கெங்கே தையல் வரும் என்று கோடு போட்டு, கோட்டின்மேல் கத்தியால் கீறி உரித்து, அந்தத் துண்டுகளை அட்டையில் மட்டமாகப் படியவைக்க வேண்டும். வளைந்ததைச் சுருக்கமில்லாமல் தட்டையாக்குவதுதான் வேலை. அந்த அட்டைகளைப் பக்கத்து ஹாலில் தோலின்மேல் அடுக்கி வெட்டுவார்கள். ஆட்கள் குறைந்தால் எங்களையும் வெட்ட அனுப்புவார்கள்.

வெட்டப் போகிறவருக்கு முதல் நாள் முதல் பாடம் தோலின் ஓரம். முதுகுப் பக்கம் தோல் கெட்டியாக இருக்கும். ஷூவின் முன்பக்கத் துண்டு அங்கே. தோலை விரித்தால் ஓரமாக வரும் வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுத்துக்கொள்ளும். விளிம்பில், இழுத்துக் காயவைத்த ஆணித்துளைகளும் உரித்தபோது பட்ட கத்திக் கீறல்களும் இருக்கும். அங்கே எதையும் வைக்கக் கூடாது. "ஓரத்துல கத்தி வெச்ச, மறுநாள்லருந்து வூட்லயே இரு" என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பிறகு அதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை.

1995-இல் முதலாளியின் தம்பி வேலூரில் காட்பாடி ரோடு பக்கம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் கணினிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். வரையத் தெரிந்தவர்கள் வரலாம் என்றார். பேட்டர்ன் அறையிலிருந்து நானும், வெட்டும் மேசையிலிருந்து ரஃபீக்கும், இன்னும் நான்கு பேரும் போனோம். ரஃபீக்குக்கு அப்போது இருபத்தாறு வயது. அவர் அப்பாவும் வெட்டும் மேசைக்காரர்தான். "டிவி பொட்டிக்கு முன்னால உக்காந்து சோறு கெடைக்குமாடா" என்று கேட்டு, ஒரு வருஷம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

முதலில் பள்ளிகளுக்கான பாடக் குறுந்தகடுகள் செய்தோம். பூகோளப் பாடம் சரிபார்க்க வந்தவர்தான் ஹெப்சிபா மேடம். பாகாயத்தில் வீடு. பதினைந்து வருஷம் பள்ளியில் பூகோளம் எடுத்தவர். பாடம் சரிபார்க்க வந்தவரை முதலாளி அப்படியே எங்களுக்கு மேலாளராக வைத்துக்கொண்டார். மவுசை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்தியும் கேட்டதில்லை. யார் படத்தை முடித்தாலும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தண்ணீர் எங்கே போகிறது? தனியாக வந்த ஒருவர் எங்கே உட்காருவார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தலையசைப்பார். இல்லையென்றால் "யோசிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். தப்பு என்ற சொல்லையே அவர் பயன்படுத்தியதில்லை.

முதல் ஆட்டத்தில் நகரம் ஆகாயத்தில் மிதந்தது. பெயர் ஏழடுக்கு. ஆனால் திரையில் தெரிந்தது மேலிருந்து இரண்டு அடுக்குகள்தான். அதற்குமேல் அன்றைய கணினி தாங்காது. பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம் அது. வெள்ளைக் கோபுரங்கள், கண்ணாடிப் பாலங்கள், பறக்கும் வண்டிகள். எதிர்கால நகரம் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தைவிட உயரமான எதையும் நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கைக்கு வந்த வளைவையே போட்டோம். முதல் ஆட்டத்தின் நகர மன்றக் கட்டடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நாற்பதாம் நம்பர் ஆண்கள் லாஸ்ட் அது.

அந்தப் படத்தை மேடம் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

"இந்த ஊருக்குத் தண்ணி எங்கருந்து வருது?"

"ஆகாசத்துலதான மேடம் ஊரே இருக்கு. மேகத்துலருந்து புடிச்சுக்குவாங்க" என்றார் ரஃபீக்.

"சரி. எங்க போவுது?"

"போறதுன்னா?"

"குளிக்கிறாங்க, துணி தொவைக்கிறாங்க. அந்தத் தண்ணி."

ரஃபீக் திரையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "இதுக்குக் கீழ போய்டும் மேடம். கீழ படம் இல்ல."

மேடம் சிரித்துவிட்டார். "படம் இல்லன்னா சரி. அடுத்த ஆட்டத்துல சொல்லுங்க." உட்கார இடத்தைப் பற்றி அன்று கேட்கவே இல்லை. அந்த ஆட்டத்தில் யாரும் நிற்பதில்லை; எல்லாரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

ஆட்டம் வெளிவந்த பிறகு பள்ளிப் பிள்ளைகள் கடிதம் போட ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஒரே கேள்வி: ஏழு அடுக்கு என்றீர்கள், மீதி ஐந்து எங்கே?

இரண்டாவது ஆட்டம் 2001-இல் முடிந்தது. இதில் பார்வை மேலிருந்து சாய்வாக விழும். நான்கு அடுக்குகள் வந்தன. ஆகாயம் போய், மலைச்சரிவின்மேல் கட்டிய ஊரானது. கீழே போகப் போக நகரம் எப்படி மாறும் என்பதுதான் எங்கள் பிரச்சினை. மேடம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சனிக்கிழமை காலையில் ஆளுக்கொரு பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரைக்கும் போக வேண்டும். இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். வழியில் எதையும் வரையக் கூடாது. திங்கட்கிழமை நினைவிலிருந்து வரைய வேண்டும். நினைவில் நின்றதுதான் ஊர், மற்றது வெறும் சுவர் என்பார். எனக்கு ஒடுகத்தூர் பஸ். மலைக்கு அடியில் போய் அது நிற்கும் இடத்தில், மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே டிரைவர் வண்டியை வளைத்துத் திருப்புவார். இரண்டாம் ஆட்டத்தின் நான்காம் அடுக்கில் பறக்கும் பேருந்து திரும்பும் சந்தை அந்த இடம்தான். கடலை மூட்டைகளை மட்டும் உருளைப் பெட்டிகளாக மாற்றினேன்.

தண்ணீருக்கும் இந்த முறை பதில் வைத்திருந்தோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குழாய் இறங்கி, பெரிய குழாயில் சேர்ந்து, நான்காம் அடுக்கின் தரைக்குள் போனது.

"எங்க போவுது?"

"கீழ போவுது மேடம்" என்றேன்.

"கீழ யார் இருக்காங்க?"

நாங்கள் எல்லாரும் பாலாற்றுக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். மேலே தோல் கழுவிய தண்ணீர் கீழே கிணற்றில் என்ன நிறத்தில் வரும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத தோல் தொழிற்சாலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்து, சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வேலையில்லாமல் நின்ற காலத்தையும் தாண்டி வந்திருந்தோம். அப்படியிருந்தும் எங்கள் நகரத்துக்குக் குழாயைப் போட்டுக் கீழே விட்டுவிட்டோம். ரஃபீக் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணாவது ஆட்டத்துல ஏழாவது அடுக்க நான் வரையறேன் மேடம்" என்றார். மூன்றாவது ஆட்டம் ஒன்று வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

வந்தது. 2004-இல் ஒரு வெளிநாட்டுப் பதிப்பாளர் ஏழடுக்கை டிவியோடு இணைத்து ஆடும் பெட்டிக்குக் கேட்டார். இந்த முறை எல்லாம் முப்பரிமாணம். கட்டடங்களைச் சுற்றி வரலாம், உள்ளே போகலாம். இதில் கட்டடம் என்பது வெறும் அட்டைப்பெட்டி போலத்தான். அதன் சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றையும் உரித்து ஒரு சதுர ஷீட்டில் மட்டமாகப் பரப்பி வரைந்து, திரும்ப அதன்மேல் போர்த்த வேண்டும். கற்றுக்கொடுக்க வந்தவர் விளக்கி முடிப்பதற்குள் நாங்கள் வேலையை ஆரம்பித்துவிட்டோம். லாஸ்ட்டில் ஒட்டுநாடா சுற்றி உரித்தவர்களுக்கு அது புது வேலையே இல்லை.

இந்தக் காலத்தில் மாவட்ட நூலகத்தில் நகரங்களைப் பற்றிய புத்தகங்களாகத் தேடிப் படித்தேன். எல்லா நகரமும் ஆற்றங்கரையில் தொடங்கி மேலே ஏறுகிறது. எங்களுடையது ஆகாயத்தில் தொடங்கி ஆற்றுக்கு இறங்கி வந்தது. ஆறாம் அடுக்கில் வட்ட வட்டமான பெரிய தொட்டிகள். மேலே இருந்து வரும் தண்ணீரைக் கலக்கி, தெளியவைத்து, வடிகட்டுகிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். ஏழாம் அடுக்கில் ஆறு. கரையோரம் வீடுகள், படித்துறை, ஓடம். ரஃபீக்கும் நானும் அந்த நான்கு பேரும் ஒரு வருஷம் அந்த இரண்டு அடுக்குகளையே செய்தோம். தண்ணீர் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ரஃபீக் ஒரு வாரம் எடுத்தார். "ஆறு சுத்தமா ஓடி நான் பாத்ததில்ல இல்ல யக்கா, அதான் லேட்டாவுது" என்றார்.

2005 ஆகஸ்டில் பதிப்பாளரிடமிருந்து செய்தி வந்தது. நகரம் பெட்டியின் நினைவகத்துக்குள் அடங்கவில்லை. ஆறாம், ஏழாம் அடுக்குகளை எடுத்துவிடுங்கள். ஐந்துக்குக் கீழே பனிமூட்டமாகக் காட்டிவிடலாம். செப்டம்பர் கடைசிக்குள் சுருக்கிய ஆட்டம் வர வேண்டும். அந்த இரண்டு அடுக்குக்காரர்களுக்கு அதற்குமேல் தங்களால் சம்பளம் தர இயலாது.

அந்த ஆறு பேரும் நாங்கள்தான். நானாவது திரும்பப் பேட்டர்ன் அறைக்குப் போகலாம். ரஃபீக்கின் பழைய மேசையில் வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது. அப்பா முந்தைய ரம்ஜானுக்குத்தான் அவர் வேலையை முதல்முறையாக உறவினர்களிடம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

புரோகிராம் எழுதும் பாஸ்கர் எல்லா வழியும் பார்த்தார். அவர் ராணிப்பேட்டைக்காரர், பொறியியல் படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தவர், தோல் வாடையே தெரியாதவர். கடைசியில் எதைத் தூக்குவது என்று முடிவெடுக்க, அந்த இரண்டு அடுக்கின் ஷீட்டுகளையும் பேப்பரில் அச்செடுத்து ஹால் தரையில் பரப்பினார். மத்தியானம் கரண்ட் போயிருந்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எங்கள் ஒரு வருஷ வேலையைச் சுற்றி நின்றோம். மேடம் டீ டம்ளரோடு வந்தார்.

"எவ்ளோ கொறைக்கணும் பாஸ்கர்?"

"மொத்தத்துல நூத்துக்கு இருபத்தேழு மேடம். ரெண்டு அடுக்கத் தூக்கினா சரியா வரும்."

"தூக்காம?"

"கலரக் கம்மி பண்ணிப் பாத்தேன். ஆறு சேறு மாதிரி வருது."

"நம்ம ஆறுன்னு சொல்லி அனுப்பிடு சார்" என்றார் ரஃபீக். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

மேடம் குனிந்து ஒவ்வொரு ஷீட்டாகப் பார்த்துக்கொண்டே போனார். ஹாலின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பினார்.

"ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். அசட்டுக் கேள்வியா இருந்தா சிரிக்காதீங்க. இந்த ஓரமெல்லாம் ஏன் வெள்ளையா இருக்கு?"

பாஸ்கர் என்னைப் பார்த்தார். நான் ரஃபீக்கைப் பார்த்தேன். ரஃபீக் யோசிக்கவே இல்லை.

"அது வயிறு மேடம்."

"எது?"

"வயித்துப் பக்கம். அங்க எதுவும் வெக்கக் கூடாது. இழுத்துக்கும்."

"எதோட வயிறு ரஃபீக்?"

அவர் வாயைத் திறந்தார். ஷீட்டைப் பார்த்தார். திரும்ப மேடத்தைப் பார்த்தார்.

"மாட்டோட" என்றார், மெதுவாக.

பாஸ்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் அத ஆர்ட்டிஸ்ட்டுங்க ரூலுன்னு நெனச்சேன்க்கா. துண்டுக்குத் துண்டு கொஞ்சம் இடைவெளி வேணும்தான். ஆனா இது..."

"நாங்க எதுவும் நெனைக்கவே இல்லப்பா" என்றேன். அதுதான் உண்மை. ஆறு பேர், மூன்று ஆட்டம், ஒருவர் கையும் ஓரத்துக்குப் போனதில்லை. நடுவில் இடுக்கு இல்லாமல் நெருக்கி நெருக்கி அடுக்குவோம். அதில் எங்களுக்கு எத்தனையோ பாராட்டு. நான்கு பக்கமும் விளிம்பை விட்டுவிடுவோம்; எங்களைப் பார்த்துப் பழகிய மற்ற அடுக்குக்காரர்களும் அப்படியே.

"தொண்ணூத்தேழுலருந்து பாக்கறேன்" என்றார் மேடம். "கம்ப்யூட்டர் அப்படித்தான் கேக்கும்போலன்னு நானும் விட்டுட்டேன்." பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். கையில் டீ தளும்பியது.

பாஸ்கர் ஒரு ஷீட்டின் பின்பக்கமே கணக்குப் போட்டார். ஒவ்வொரு ஓரத்திலும் பதினாறில் ஒரு பங்கு. நான்கு பக்கமும் சேர்த்தால் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. "எல்லா அடுக்குலயும் ஓரத்த நிரப்பினா ஷீட்டு கொறையும், இருபத்துமூணு கெடைக்குது. இன்னும் நாலு வேணும்."

ரஃபீக் அதற்குள் தரையில் மண்டியிட்டு இரண்டு ஷீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "செல்வியக்கா, எடது காலுக்கு ஒன்னு, வலது காலுக்கு ஒன்னுன்னு ரெண்டு பேட்டர்னா வரையறோம்? ஒன்னத்தான திருப்பிப் போடறோம். இந்தச் சுவருக்கு மட்டும் எதுக்கு ரெண்டு பக்கமும் வரைஞ்சிருக்கோம்?"

நாலுக்குப் பதில் ஆறு கிடைத்தது.

அடுத்த வாரங்களில் எல்லா ஷீட்டையும் கலைத்து மறுபடி அடுக்கினோம். முதல் நாள் கை போகவே இல்லை. ஒரு ஜன்னலை விளிம்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடி விழுமோ என்பதுபோல ரஃபீக் மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எனக்கும் மேஸ்திரியின் குரல் காதில் கேட்டது. மூன்றாம் நாளில் பழகிவிட்டது. சுவர்களைத் திருப்பிப் போட்டதில் ஆறாம் அடுக்கின் டீக்கடைப் பலகை ஒன்று மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறி நின்றுவிட்டது. அந்த அடுக்குவாசிகளின் ரகசிய எழுத்து அது என்று இன்றும் இணையத்தில் எழுதுகிறார்கள். இல்லை. எங்கள் கவனக்குறைவு, செப்டம்பர் 2005.

சுருக்கிய ஆட்டம் செப்டம்பர் கடைசியில் போனது, ஏழு அடுக்கோடு. அதைப் பார்க்கப் பதிப்பாளரின் ஆள் ஒருவர் நேரிலேயே வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். முதல் அடுக்கிலிருந்து ஆட ஆரம்பித்தார். எதிரிகளை விட்டுவிட்டு நடந்தார். தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். ஏழாம் அடுக்கில் ஆற்றங்கரையோடு போய்க்கொண்டே இருந்தார். ஆறு நகரத்தை விட்டு வெளியே போகும் இடத்தில் ஒரு கல் பலகை உண்டு. ஆட்டத்தில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. மேடத்தின் மூன்றாவது கேள்விக்காக வைத்தது. வந்தவர் திரையில் தான் நடத்திவந்த ஆளை அதில் உட்காரவைத்துவிட்டுக் கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்தார். திரையில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடம் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் ஆறிப்போன தன் டீயை எடுத்துக் குடித்துவிட்டு, எந்த அடுக்கையும் எடுக்க வேண்டாம் என்றார்.

ரஃபீக் வராந்தாவுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டார். உருதில் பேசினார். "ஆறு இருக்குது, ஆறு இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. ஆட்டம் 2006-இல் வெளிவந்தது. நாங்கள் ஆறு பேரும் அதன் பிறகு அதே மாடியில் பல வருஷம் வேலை பார்த்தோம். நான் ஓய்வுபெற்றது 2021-இல். ரஃபீக் இப்போது ஆம்பூரிலேயே சொந்தமாக ஒரு சின்னக் கணினிக் கம்பெனி நடத்துகிறார்; ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்.

சென்னை இளைஞர்களுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இப்போதைய கணினிகளில் ஓரத்தை விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது என்பதையும் சொன்னேன். கடைசியில் நானும் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் புதுப்பிக்கப்போவது முதல் ஆட்டம். அதில் ஊர் ஆகாயத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? இது ஹெப்சிபா மேடம் 1997-இல் கேட்டது, இன்னும் நாங்கள் பதில் சொல்லவில்லை என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்துப் பதிலாக ஒரு படம் மட்டும் வந்தது. பென்சிலில் போட்ட கரடுமுரடான படம். எங்கள் லாஸ்ட் வடிவ மன்றக் கட்டடம் அப்படியே இருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு வாய்க்கால் புறப்பட்டு, அடுக்கு அடுக்காக மேகத்துக்குள் இறங்கி, இடது பக்கம் வளைந்து, தாளின் கடைசி விளிம்பு வரை போயிருந்தது. ஒரு நூல் இடம்கூட மிச்சம் வைக்கவில்லை. வாய்க்கால் முடியும் இடத்தில் ஒரு கல் பலகையும் போட்டிருந்தார்கள்.

பாகாயத்துக்குப் போய் மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ரஃபீக்குக்குப் போனில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"பாத்தேன் யக்கா. வயித்து மேலயே வெச்சிருக்காங்க."

"ஆமா."

"இழுத்துக்கல."